ஸ்க்ரீன்ல 85, ஸ்க்ரீன்ல ஆஃப்: ரெண்டையும் நம்பினேன்

அப்பா ஓட்டுன பழைய சின்ன கார் ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. அவரு போனதுக்கப்புறம் விக்க மனசு வரல, அதனால நானே கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணி ஓட்டிட்டு இருக்கேன். டேஷ்போர்டுல இருக்குற டெம்பரேச்சர் முள்ளு எப்பவோ செத்துப்போச்சு, ஒரிஜினல் மீட்டர் எங்க தேடியும் கிடைக்கல. சரி நாமளே பண்ணிருவோம்னு ஒரு ஆர்டுயினோ நானோ (நாமளே கோட் எழுதி ஏத்துற குட்டி கன்ட்ரோலர் போர்டு), ஒரு சின்ன ஓலெட் டிஸ்ப்ளே, ஒரு பஸ்ஸர், ஸ்டீல் முனை வச்ச டிஎஸ்18பி20-ங்கற டெம்பரேச்சர் சென்சார் எல்லாம் வாங்கி, எஞ்சின்ல இருந்து சூடான தண்ணி வெளிய வர்ற தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல சென்சார ஒட்டி கட்டி, அலுமினிய டேப் சுத்தி, வயர ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்குற தகடு) ஓட்டை வழியா உள்ள இழுத்துட்டு வந்தேன். 105 டிகிரிக்கு மேல போனா பஸ்ஸர் கத்தும். மூணு வாரம் சேலம் டவுன்ல ஓட்டுனேன், அஞ்சு ரோடு சிக்னல்ல நிக்கிறப்ப 93 வரைக்கும் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சதும் 86-க்கு எறங்கும், பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

போன ஏப்ரல் கடைசில அம்மா, வீட்டுக்காரம்மா, பாப்பா எல்லாரையும் ஏத்திட்டு ஏற்காடு கிளம்புனோம். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, போனவங்களுக்குத் தெரியும், செகண்ட் கியருக்கும் ஃபர்ஸ்ட் கியருக்கும் மாறி மாறி இழுக்கணும். ஏசி ஆஃப் பண்ணிட்டேன். டிஸ்ப்ளேல மொதல்ல 88, 90, 91-னு ஆடிட்டு இருந்துச்சு. அஞ்சாவது வளைவோ ஆறாவதோ, அதுக்கப்புறம் 85-னு வந்து நின்னுச்சு. அப்படியே நின்னுச்சு. நான் என்ன நெனச்சேன்னா, மேல போறோம், காத்து சில்லுன்னு அடிக்குது, எஞ்சின் நல்லா கூலாகுதுன்னு நெனச்சேன். வீட்டுக்காரம்மாகிட்ட காட்டி சொல்லவும் செஞ்சேன்.

பத்தாவது வளைவு தாண்டி கொஞ்ச தூரத்துல பின்னாடி இருந்து அம்மா, "டேய் தம்பி, ஏதோ இனிப்பா வேகுற மாதிரி வாசம் வருதுடா"ன்னாங்க. நான் டிஸ்ப்ளேவ பாத்தேன். 85. "ஒண்ணும் இல்லம்மா, வெளிய இருந்து வர்ற வாசமா இருக்கும்"னுட்டேன். அடுத்த ரெண்டு நிமிஷத்துல பானெட் ஓரத்துல இருந்து வெள்ளையா ஆவி.

ஓரம் கட்டி, கல்லு வச்சு, எல்லாரையும் எறக்கி தடுப்புச் சுவர் பக்கம் நிக்க வச்சேன். பானெட்ட தூக்குனதும் கை நேரா ரேடியேட்டர் மூடிக்குத்தான் போச்சு. அந்த நேரம் மேல இருந்து எறங்கிட்டு இருந்த ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் வண்டிய நிறுத்தி, "தம்பி மூடியத் தொட்றாதீங்க, மூஞ்சில அடிச்சிரும்"னு சத்தம் போட்டாரு. அவர் மட்டும் வரலன்னா என் கை, மூஞ்சி என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சா நெஞ்சு படபடங்குது. சூடா இருக்குற சிஸ்டத்துல தண்ணி அழுத்தத்துல இருக்கு, மூடியத் தொறந்த நொடி அழுத்தம் போய் அவ்வளவும் ஒரே கொதியா வெளிய வந்துரும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதுக்கப்புறம் பாத்தா ரேடியேட்டர் ஃபேனோட ப்ளக் உள்ள கரிஞ்சு போய், ஃபேன் சுத்தவே இல்ல. அந்த அண்ணனே ஒரு வயர்ல ஃபேன நேரா பேட்டரில போட்டு விட்டு, தண்ணி ஊத்தி, "மெதுவா போங்க, மேல போய் பிரிச்சுப் பாருங்க"ன்னாரு. காசு குடுத்தா வாங்கல.

இவ்வளவும் நடக்கறப்ப என் டிஸ்ப்ளே 85-தான் காட்டுச்சு. எஞ்சின் ஆஃப் பண்ணி ஆறுன பிறகும் 85. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

டிஎஸ்18பி20-க்கு ஒரு குணம் இருக்கு. கரண்ட் கிடைச்சு எழுந்திருக்கிறப்ப அதோட மெமரில மொதல்ல இருக்குற மதிப்பு 85 டிகிரி. அளந்து பாத்த மதிப்பு இல்ல, கம்பெனி வச்ச ஆரம்ப மதிப்பு. அளந்து முடிக்கறதுக்குள்ள அதுக்குக் கரண்ட் சரியா கிடைக்கலன்னா அது மறுபடி ரீசெட் ஆகி 85-ன்னுதான் பதில் சொல்லும். என் வண்டில சென்சாரோட மூணு வயர்ல பாசிட்டிவ் வயர் மட்டும் சால்டர் வச்ச எடத்துல அறுந்துருந்துச்சு, டேட்டா வயரும் கிரவுண்டும் நல்லா இருந்துச்சு. அதனால சென்சார் டேட்டா லைன்ல வர்ற கொஞ்சூண்டு கரண்ட்ல பாதி உயிரோட பேசிட்டே இருந்துருக்கு. மொத்தமா அறுந்துருந்தா லைப்ரரி (சென்சார படிக்கிற ரெடிமேட் கோட்) மைனஸ் 127-னு குடுக்கும், பாத்ததும் தெரிஞ்சிரும். ஆனா 85 இருக்கே, அது ஓடிட்டு இருக்குற எஞ்சினுக்கு கச்சிதமான, நிம்மதி குடுக்குற நம்பர். வேற எந்த நம்பரா இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துருக்கும்.

இத ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா இந்த சென்சார கார்ல, பைக்ல, இன்குபேட்டர்ல, சோலார் ஹீட்டர்லன்னு நம்மாளுங்க நெறைய பேர் போட்டு வச்சிருக்கீங்க. இப்ப என் கோட்ல என்ன பண்ணிருக்கேன்னா, போன தடவ படிச்சதுக்கும் இப்ப படிச்சதுக்கும் நடுவுல 5 டிகிரிக்கு மேல குதிச்சு சரியா 85.0-ல வந்து உக்காந்தா அத ஏத்துக்காது. மைனஸ் 127 வந்தா ஃபால்ட். அதோட, 12 பிட்னு ரொம்ப நுணுக்கமா அளக்குற செட்டிங்ல இந்த சென்சார் 0.0625 டிகிரி வரைக்கும் பிரிச்சுக் காட்டும், அதனால ஓடுற எஞ்சின்ல ஒரு நிமிஷம் முழுக்க ஒரே மதிப்பு அசையாம நிக்கவே நிக்காது. நின்னா சென்சார் செத்துப்போச்சுன்னு அர்த்தம். இந்த மூணுல எது நடந்தாலும் டிஸ்ப்ளேல நம்பர் வராது, மூணு கோடு வரும், பஸ்ஸர் விட்டு விட்டு அடிக்கும். பழைய நம்பர அப்படியே காட்டிட்டு இருக்கறது மாதிரி கெட்ட பழக்கம் வேற இல்ல.

வயரிங் பத்தியும் சொல்லணும். வண்டில ஆடுற எடத்துல சால்டர் பண்ணா, சால்டர் வயர் இழைக்குள்ள ஏறி அந்த எடம் கம்பி மாதிரி விறைச்சுக்கும், அதிர்வுல சரியா அந்த ஓரத்துலதான் முறியும். எனக்கு முறிஞ்சதும் அங்கதான். இப்ப எல்லாம் கிரிம்ப் பண்ணி (சால்டர் இல்லாம மெட்டல் முனைய அமுக்கிப் பிடிக்கறது), ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, ஜாயிண்டுக்கு ரெண்டு பக்கமும் டை போட்டு இறுக்கிருக்கேன். சென்சாரோட வர்ற சாதா பிவிசி வயர் எஞ்சின் சூட்டுல இளகுது, மேல சூடு தாங்குற சிலிகான் ஸ்லீவ் போட்டு விடுங்க. சென்சார வெளிய ஒட்டுனா உள்ள இருக்குற தண்ணிய விட சில டிகிரி கம்மியாத்தான் காட்டும், அதுக்குத் தகுந்த மாதிரி அலாரத்த எறக்கி வைங்க. நான் 105-ல இருந்து 100-க்கு எறக்கிட்டேன்.

சென்சார் சரியா இருக்கான்னு கொதிக்கிற தண்ணில விட்டுப் பாக்குறவங்க இருக்கீங்க, நல்ல வழிதான், ஆனா ஒண்ணு ஞாபகம் வைங்க. சேலத்துல தண்ணி 99 கிட்ட கொதிக்கும், ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்க 95-லயே கொதிச்சிரும். அதே ஏற்காடு மலைல நாகலூர் பக்கம் இருக்குற என் மச்சான் ஒரு நாள் போன் பண்ணி "சென்சார் டூப்ளிகேட் மாமா, 95-க்கு மேல ஏற மாட்டேங்குது"ன்னு அஞ்சு சென்சாரயும் திருப்பிக் குடுக்கப் போனான். சென்சார் எல்லாமே நல்ல சென்சார். காருக்கும் இதுல சேதி இருக்கு, ரேடியேட்டர் மூடியோட ரப்பர் போயி அழுத்தம் நிக்கலன்னா மலைல தண்ணி சீக்கிரமே கொதிக்க ஆரம்பிச்சிரும். மூடி சின்ன சாமான், மாத்திருங்க.

பவருக்கு, பேட்டரி 12 வோல்ட்டுன்னு சொல்றோமே தவிர நின்னா 12.6, ஓடுனா 14 கிட்ட, சாவி திருப்பி ஸ்டார்ட்டர் இழுக்குறப்ப 9-க்கும் கீழ விழும், நடுவுல ஸ்பைக் வேற. வோல்டேஜ 5-க்குக் கொறைச்சுக் குடுக்குற எல்எம்2596 பக் மாட்யூல் 40 வோல்ட் தாங்கும்பாங்க, ஆனா போர்டுல இருக்குற இன்புட் கெப்பாசிட்டர் 35 வோல்ட்டா இருந்தா அதுதான் உங்க எல்லை, படிச்சுப் பாருங்க. நான் ஃப்யூஸ், அப்புறம் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினா காப்பாத்துற ஒரு ரிவர்ஸ் டையோடு, ஸ்பைக்க அமுக்குற ஒரு டிவிஎஸ் டையோடு, ஒரு பெரிய கெப்பாசிட்டர், அதுக்கப்புறம்தான் பக் மாட்யூல்னு போட்டிருக்கேன். இதெல்லாம் தலவலின்னா நல்ல கார் யூஎஸ்பி சார்ஜர் ஒண்ணுல இருந்து 5 வோல்ட் எடுத்துக்கோங்க, அதுக்குள்ள இந்த பாதுகாப்பு பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். லைன் சாவி போட்டா மட்டும் வர்ற எடத்துல இருந்து எடுங்க. இது இழுக்கறது 50 மில்லிஆம்ப் தான்னு நேரா பேட்டரில போட்டா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் போகும், 35 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு வாரம் சும்மா நின்னா பாதி காலி, அப்புறம் ஸ்டார்ட் ஆகறது சந்தேகம்.

ஃபேனுக்கு இப்ப தனியா ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்ட்ல காயில இழுத்து பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச். ரிலேவோட கால்ல நம்பர் போட்டிருக்கும்: 30-ல பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்ப் ஃப்யூஸ், 87-ல இருந்து ஃபேன், 85-86 காயில், காயிலுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டையோடு. டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச், நானோ இருந்தாலும் செத்தாலும் நான் கையால ஃபேன் போட முடியும். இந்த ஸ்விட்ச்சத்தான் மொத நாளே போட்டிருக்கணும். பிரேக், ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டியரிங் லைன் பக்கம் போகவே போகாதீங்க, கம்பெனி வயர வெட்டாதீங்க. வாரண்டில இருக்குற புது வண்டின்னா இன்னும் யோசிங்க. வண்டியோட அமைப்பையே மாத்துறது பத்தி 2019-ல சுப்ரீம் கோர்ட்டே மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவ வச்சு கடுமையா சொல்லிருக்கு. மீட்டர் வைக்கறது வேற, வண்டிய வேற வண்டியா ஆக்கறது வேற.

சரி, இது கார்ல நடந்தது. இதுல இருந்து எல்லாம் கத்துக்கிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன். ரெண்டு மாசத்துல வீட்டுல அதே தப்ப வேற உருவத்துல பண்ணேன்.

எங்க வீடு கன்னங்குறிச்சி பக்கம். மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்கு சம்ப்ல விழும், அத 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் வச்சு மாடி டேங்க்குக்கு ஏத்தணும். அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரி எழுந்து மோட்டார் போட்டு நிறுத்த கஷ்டமா இருக்குன்னு ஒரு நோட்எம்சியு போர்டு, அதான் ஈஎஸ்பி 8266-ங்கற வைஃபை சிப் வச்ச போர்டு, ஒரு ரிலே மாட்யூல், டேங்க்ல லெவல் சென்சார், போன்ல பாக்கற மாதிரி பக்கம், எல்லாம் செஞ்சு குடுத்தேன். டேங்க் நெறஞ்சா தானா ஆஃப். ரெண்டு வாரம் அருமையா ஓடுச்சு, அம்மா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க.

ஒரு நாள் ராத்திரி நல்ல இடி மழை. கரண்ட் போச்சு, வந்துச்சு, உடனே போச்சு, மறுபடி வந்துச்சு, இப்படி அஞ்சாறு தடவ. நான் படுத்துட்டே போன்ல பாத்தேன், மோட்டார் ஆஃப்னு காட்டுச்சு, தூங்கிட்டேன். ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன், "ஏம்ப்பா, உங்க மாடில இருந்து தண்ணி ஊத்திட்டே இருக்கு, எங்க வாசல் எல்லாம் ரொம்பிடுச்சு". அதுக்கும் போன்லதான் பாத்தேன், ஆஃப். கீழ எறங்கிப் போனா மோட்டார் ஓடுது. சம்ப்ல சொட்டுத் தண்ணி இல்ல, தண்ணியே இல்லாம ஓடி சூடேறி, சீல் கருகுன வாசம். மெயின் ஸ்விட்ச்ச எறக்குனதுக்கு அப்புறம்தான் நின்னுச்சு.

காலைல பிரிச்சுப் பாத்தா ரிலே உள்ள கான்டாக்ட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் கெடக்கு. ரிலே மேல 10 ஆம்ப்னு போட்டிருக்கும், அது ஹீட்டர், பல்பு மாதிரி லோடுக்கு. மோட்டார் கெளம்புறப்ப ஓடுற கரண்ட போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். அது மட்டும் இல்ல, நான் ரிலேவ போர்டுல டி4-ங்கற கால்ல குடுத்திருந்தேன், அது சிப்ல ஜிபிஐஓ 2. ஈஎஸ்பி 8266 ஒவ்வொரு தடவ உயிர் வர்றப்பவும் அந்தக் கால்ல அது பாட்டுக்குப் பல்ஸ் வெளிய வரும், என் கோட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. என் ரிலே மாட்யூல் லோ வந்தா, அதாவது கால்ல வோல்டேஜ் எறங்குனா ஆன் ஆகுற ரகம். அப்ப ஒவ்வொரு தடவ கரண்ட் வந்தப்பவும் ரிலே டகடகடகன்னு அடிச்சு மோட்டார கெளப்பி நிறுத்தி கெளப்பி, அதுல பொறி பறந்து ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் சிப் முழிச்சு, "ஆஃப்"னு உத்தரவு போட்டுட்டு, ஆஃப்னு எனக்கும் எழுதிக் காட்டிருச்சு. அது சொன்னது அது போட்ட உத்தரவ. மோட்டார் என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது, தெரிஞ்சுக்க நான் ஒண்ணும் வைக்கல.

கார்ல கரண்ட் போன சென்சார் 85-ன்னுச்சு, வீட்டுல கரண்ட் வந்த சிப் ஆஃப்ன்னுச்சு. ரெண்டு எடத்துலயும் அத நம்பி, அம்மா சொன்னதையும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் நான் ஸ்க்ரீன்ல போய் சரிபாத்திருக்கேன். இதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்துச்சு.

மறுபடி கட்டுனப்ப எங்க ஏரியா வயர்மேன் அண்ணன கூட வச்சுக்கிட்டேன், 230 வோல்ட் பக்கம் அவர்தான் கை வச்சாரு. நீங்களும் அப்படியே பண்ணுங்க, அதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மோட்டார்னு ரேட்டிங் போட்ட கான்டாக்டர் (பெரிய கரண்ட் தாங்குற ரிலே மாதிரி), ஏசி-3ன்னு எழுதிருக்கும், அது ஒண்ணு. கூட, மோட்டார் அதிகமா கரண்ட் இழுத்தா கட் பண்ற ஒரு ஓவர்லோடு ரிலே. என் சின்ன ரிலே இப்ப கான்டாக்டரோட காயில மட்டும்தான் இழுக்குது, ரொம்பக் கம்மி கரண்ட். காயில் லைன்லயே சீரிஸா சம்ப்ல ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், தண்ணி எறங்குனா காயில் லைன் கட், இதுல கோடும் இல்ல வைஃபையும் இல்ல. கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டு எர்த்த சரி பண்ணாரு, ஈரம் இருக்குற எடத்துல இது இல்லாம பண்ணவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு.

ரிலே இப்ப டி1-ல, ஜிபிஐஓ 5, உயிர் வர்றப்ப சும்மா இருக்குற கால். அதுல ஹை வந்தாத்தான் ஆன் ஆகற மாதிரி டிரான்சிஸ்டர், கீழ 10கே ரெசிஸ்டர், அப்பத்தான் சிப் தூங்குனாலும் ரிலே தூங்கும். கரண்ட் வந்து மூணு நிமிஷம் எதுவுமே ஆன் ஆகாது. இதெல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது கரண்ட் அளக்குற எஸ்சிடி-013 கிளாம்ப். வயர வெட்ட வேணாம், ஃபேஸ் வயர் மேல மாட்டுனா போதும். ஃபேஸ் மட்டும், ரெண்டு வயரையும் சேத்து மாட்டுனா ஒண்ண ஒண்ணு அடிச்சு பூஜ்யம் காட்டும், அதையும் ஒரு சாயங்காலம் பூரா பண்ணிப் பாத்துட்டேன். இப்ப போன்ல ஆன் ஆஃப்ங்கறது உத்தரவுல இருந்து வரல, மோட்டார் நெசமா இழுக்குற கரண்ட்ல இருந்து வருது. உத்தரவு ஆஃப், கரண்ட் ஓடுதுன்னா சைரன் அடிக்கும்.

நாகலூர்ல மச்சான் வீட்டுக்கும் இதே மாதிரி செய்யச் சொல்லி கேட்டான், அங்க கதையே வேற. மூடுபனி போர்டு மேல தண்ணியா எறங்கும், டிஹெச்டி22-ங்கற ஈரப்பத சென்சார் மாசக்கணக்கா 99.9 சதவீதம் ஈரப்பதம்னே காட்டும், இடி மாசத்துல ஒரு போர்டாவது போகும், நெட் நாள் கணக்குல வராது. வெளிநாட்டு சர்வர் வழியா வேல செய்ற ஸ்மார்ட் ஸ்விட்ச் போட்டு வாசல் லைட்டு கூட போட முடியாம ரெண்டு ராத்திரி கஷ்டப்பட்டான். இப்ப அந்த ஸ்விட்ச்ல டாஸ்மோட்டாங்கற இலவச சாஃப்ட்வேர ஏத்தி, வீட்டுக்குள்ளயே எம்க்யூடிடி (சாமான்கள் ஒண்ணோட ஒண்ணு சேதி அனுப்பற முறை) வச்சு ஓடுது, நெட் இல்லன்னாலும் ஸ்விட்ச் வேல செய்யும், செவுத்துல சாதா ஸ்விட்ச்சும் அப்படியே இருக்கு. போர்டுக்கு ஈரம் ஏறாத கோட்டிங் அடிச்சோம். 2,000 வாட் கீசர மட்டும் இதுல சேக்க வேணாம்னு நான் பிடிவாதமா சொல்லிட்டேன். கிட்டத்தட்ட 9 ஆம்ப் மணிக்கணக்கா ஓடுறத அந்தச் சின்ன மாட்யூல்ல விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது.

தீபாவளி முடிஞ்சு மறுபடி கார்ல ஏற்காடு போனோம். 14-வது வளைவுல டிஸ்ப்ளேல மூணு கோடு வந்து பஸ்ஸர் அடிச்சுச்சு. ஓரம் கட்டி, ஃபேன் ஸ்விட்ச்ச கையால போட்டேன், சுத்துற சத்தம் கேட்டுச்சு. கனெக்டர் பின் ஒண்ணு வெளிய வந்துருந்துச்சு, ஆறுனதும் அமுக்கி விட்டுட்டுப் போனோம்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் போன்ல பாக்கறதுல நம்பிக்க வரல, மோட்டார் ஓடுதான்னு பைப்ல கை வச்சுத்தான் பாக்குறாங்க. போன வாரம் அடுப்படியில ஒரு செவப்பு இண்டிகேட்டர் லேம்ப் மாட்டிக் குடுத்தேன், கான்டாக்டர்ல இருந்து மோட்டாருக்குப் போற லைன்ல நேரா எடுத்தது, நடுவுல சிப் இல்ல. காப்பி போடறப்ப அது எரியறதப் பாத்துட்டு, போய் பைப்ப ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு வந்து, "ஆமாடா, ஓடுது"ன்னாங்க.